கிடாரிக்கு எது வலப்பக்கம்

என் மாப்பிள்ளைக்கு மாட்டு மடிதான் உத்தியோகம். ஆராய்ச்சிப் பண்ணையில் அவரும் என் மகளும் ஒரே கிடாரியைக் கட்டிக்கொண்டு மாரடித்தார்கள். கொட்டாவி விட்டு விட்டு அவர் தாடை ஒரு விரற்கடை கீழே இறங்கிவிட்டது. சவரம் செய்ய அதிக நேரமாகிறது என்று குறைப்பட்டுக்கொள்வார்.

வளர்ச்சிக் காரணி என்று ஒரு புரதம். மடித் திசுவில் போய்க் கதவைத் தட்டுமாம். அந்தக் கதவுக்கு ஏற்பி என்று பெயர். கதவு திறந்தால் மடி வளரும். இதை நிரூபிக்க வலப்பக்கக் காம்புகளில் காரணி, இடப்பக்கம் வெறும் உப்புத் தண்ணீர். இரவும் பகலும் மூன்று மணிக்கொரு தரம் இருவரும் மாறி மாறி ஊசியில் ஏற்றினார்கள். இரண்டு பக்கத்துக்கும் வித்தியாசம் தெரியாவிட்டால் ஆய்வுக்கூடத்தை இழுத்து மூடிவிடுவதாக இயக்குநர் சொல்லியிருந்தார்.

மடி வளர்ந்தது. கொட்டகைக்குள் மடி முதலில் நுழையும், மாடு பின்னால் வந்து சேரும். ஆனால் இரண்டு பக்கமும் தராசில் வைத்த மாதிரி சமமாக வளர்ந்துவிட்டது.

மகளின் முறை வந்தால் மாப்பிள்ளை தூங்குவது வழக்கம். நான் சாப்பாடு கொண்டுபோன அன்று ஓர் ஈ அவர் மூக்கில் உட்கார்ந்து எழுப்பிவிட்டது. மகள் கிடாரியின் முன்னங்காலருகே, வாலைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

"அங்க ஏன் உக்காந்திருக்கே?"

"பின்னாடி நின்னா உதைக்குதுங்க. நான் எப்பவும் இப்படித்தான்."

கொட்டாவி பாதியில் நின்றது. "எந்தப் பக்கம் காரணி போடுறே?"

"வலது."

"யாரோட வலது?"

"என்னோடதுதான். பின்ன, எதிர்வீட்டுக்காரரோடதா?"

"நான் வால் பக்கமா நின்னு போடுறேனே! அப்ப ரெண்டு பக்கமும் காரணி போயிருக்கு."

"எல்லாக் கதவையும் தட்டிட்டோமா?" என்றாள் மகள். சிரிக்கக்கூடத் தெம்பில்லை.

இயக்குநர் வந்தார். "வித்தியாசம் எங்கய்யா?"

பொய் சொல்லவும் தெம்பு வேண்டுமே. மாப்பிள்ளை நடந்ததைச் சொல்லிவிட்டார். இயக்குநர் மடியைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பினார். திரும்பி வருவதற்குள் அவருக்கு ஊற்றி வைத்த டீ ஆறிவிட்டது.

"குழப்பிப் போட்டதுக்கே இந்த வளர்த்தியா! வேற கிடாரி தர்றேன். முதல்லேருந்து ஆரம்பிங்க."

"கூடம் பிழைச்சுதா மாப்பிள்ளை?" என்று கேட்டேன்.

"பிழைச்சுது மாமா," என்றார், அழாத குறையாக.

மகள் புதுக் கிடாரியின் வலத் தொடையில் சிவப்புச் சாயம் பூசிக்கொண்டிருந்தாள். அவர் தீவன மூட்டையில் சாய்ந்து, "இன்னைக்கு யார் முறை?" என்று கேட்டார். அவள் பதில் சொல்வதற்குள் தூங்கிப்போனார்.