மாமியாருக்கு மாமியார்

எனக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று முதலில் கண்டுபிடித்தவள் என் நாத்தனார் முத்துமாரியம்மாள். நாகலாபுரத்திலிருந்து பஸ் ஏறி வந்தாள், ஒரு செம்பு தண்ணீர் குடித்தாள், என்னை ஐந்து நிமிஷம் பார்த்தாள், சொல்லிவிட்டாள். அதையே தொழிலாக வைத்திருக்கிற கோடாங்கிகூட வெற்றிலை போடுகிற நேரமாவது எடுத்துக்கொள்வான்.

அவளை மட்டும் குற்றம் சொல்லவும் முடியாது. மாசமாக இருந்தபோதே நான் அப்படித்தான். கடலைமிட்டாய் வேண்டும் என்று அழுதேன். என் வீட்டுக்காரர் சௌந்தரபாண்டியன் கோவில்பட்டி பஜாருக்கு ஓடிப்போய் வாங்கி வந்தார். ஏன் இவ்வளவு சீக்கிரம் வந்தீர்கள் என்று அதற்கும் அழுதேன். எங்கள் தீப்பெட்டி ஆபீஸுக்குப் புதிதாக அச்சடித்து வந்த லேபிளில் ஒரு கோழியும் நாலு குஞ்சும் இருந்தன. பாவம், இன்னொரு குஞ்சைப் பருந்து தூக்கிவிட்டதோ என்று தோன்றியதுதான் தாமதம், லேபிள் கட்டைப் பிடித்துக்கொண்டு ஒப்பாரி வைத்துவிட்டேன். பெட்டி ஒட்டுகிற பெண்கள் வேலையை விட்டு ஓடி வந்தார்கள். அதில் இரண்டு பேர் என்னோடு சேர்ந்து அழுதார்கள். மறுநாளே லேபிளில் யானையைப் போடச் சொல்லிவிட்டார் மனுஷர்.

பிள்ளை பிறந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றார்கள். சொன்னவர்களைத்தான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன். அம்மா வீட்டில் பெற்று, மூன்றாம் மாசம் மகளைத் தூக்கிக்கொண்டு கோவில்பட்டிக்கு வந்தேன். அவள் அழுதால் நானும் அழுவேன். அவள் நிறுத்திவிடுவாள், நான் நிறுத்தமாட்டேன். தூக்கம் என்பதே கிடையாது. சாப்பாடோ பூண்டும் கருவாடும் பத்தியக் குழம்பும்தான். டாக்டரம்மா, "சில பேருக்கு இப்படி இருக்கும். நல்லாத் தூங்க விடுங்க. சரியாகலைன்னா கூட்டிட்டு வாங்க" என்று தெளிவாகத்தான் சொன்னார். தூங்க விடுங்க என்பதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் வீட்டில் செய்தார்கள்.

நாத்தனார் வந்த செவ்வாய்க்கிழமை எனக்கு ரொம்ப மோசமான நாள். பிள்ளை விடாமல் வீறிட்டது. தொட்டிலில் போட்டுவிட்டு, "இதை எங்கயாவது கொண்டுபோய்த் தொலைங்க!" என்று கத்திவிட்டேன். நல்ல மனுஷி என்றால் வந்து பிள்ளையைத் தூக்குவாள். இவள் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு என் மாமியார் பக்கம் திரும்பினாள்.

"ஏம்மா, இது பூங்கொடி குரலே இல்ல. வெள்ளிக்கிழம கோடாங்கியக் கூப்பிடு. பேய் எறங்கலைன்னா பிள்ளைய நான் நாகலாபுரத்துக்குத் தூக்கிட்டுப் போறேன். பசும்பால் குடுத்து வளக்கேன்."

நான் கத்தியபடியே கொண்டுபோகிறேன் என்கிறாளே என்று சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். பயம்தான் வந்தது. ஒருதரம் பேய் பிடித்தவள் என்று ஊரில் பேராகிவிட்டால், அப்புறம் யார் என் கையில் பிள்ளையைத் தருவார்கள்? போகிற பிள்ளை போனதுதான். அன்றைக்கு முழுக்க மகளைக் கீழே விடாமல் வைத்திருந்தேன். அதையும் பேய்க் குணம் என்றாள் நாத்தனார்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குக் கோடாங்கி தங்கச்சாமி உடுக்கையோடு வந்து சேர்ந்தார். தலையில் தண்ணீர் ஊற்றி ஈரச்சேலையோடு என்னைக் கூடத்தில் உட்காரவைத்தார்கள். என் மாமியார் பத்திரகாளி காலையிலிருந்து பச்சைத்தண்ணீர் பல்லில் படாமல் விரதம். வீட்டுக்காரர் தூணைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார்.

உடுக்கை முழங்கியது. "யாரு நீ? பேரச் சொல்லு!"

"பூங்கொடி."

வேப்பிலையால் முகத்தில் ஓர் அடி.

"யாரு நீ?"

"கண்ணு தெரியலையா? பூங்கொடிதான்யா!"

இன்னொரு அடி. "பொய் சொல்லுது பாருங்க" என்றாள் நாத்தனார். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. உள்ளதைச் சொன்னால் இந்த வீட்டில் இதுதான் மரியாதை.

தங்கச்சாமி உடுக்கையைக் கீழே வைத்தார். "அடங்காத பேய் தாயி. பேரே சொல்ல மாட்டேங்குது. பிள்ளைய இந்த வீட்ல வச்சிருக்கப்படாது."

அந்த வார்த்தைக்காகவே காத்திருந்தவள்போல நாத்தனார் எழுந்து போய்த் தொட்டிலில் இருந்து என் மகளைத் தூக்கினாள். கக்கத்தில் ஏற்கெனவே மஞ்சள் பை. பிள்ளையின் சட்டையெல்லாம் அதில் இருந்தது.

நான் நிமிர்ந்தேன். எதிர்ச் சுவரில் வெயிலம்மாள் படம். என் மாமியாருக்கு மாமியார். செத்து இருபத்தைந்து வருஷம் ஆகிவிட்டது. அந்தப் படத்துக்குப் பூ வைக்கும்போதுகூட அத்தை இன்றைக்கும் நிமிர்ந்து பார்க்கமாட்டார்.

"வெயிலம்மாடி நான்!" என்று ஒரு கத்துக் கத்தினேன். "வைடி பிள்ளைய!"

நாத்தனார் பிள்ளையை என் மடியில் போட்டுவிட்டு இரண்டடி பின்னால் போனாள். உட்கார்ந்திருந்த அத்தை விசுக்கென்று எழுந்து முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். வீட்டுக்காரர் தூணுக்குப் பின்னால் போய்விட்டார்.

தங்கச்சாமிக்கு முகம் மலர்ந்துவிட்டது. "வந்துட்டியா ஆத்தா! என்ன வேணும், கேளு. குடுத்து அனுப்புதோம். சேவலா? சேலையா?"

என்னது, கேட்டால் கொடுப்பார்களா? இத்தனை நாளாகப் பூங்கொடியாக இருந்து கேட்டேன், ஒரு நாய் திரும்பிப் பார்க்கவில்லை. முன்னமே செத்துப் போயிருக்கலாம்.

"பிள்ள தாயவிட்டு ஒரு அடி நகரப்படாது. கொண்டுபோறவ குடும்பம் வெளங்காது."

"சரி ஆத்தா."

"மத்தியானம் இவ தூங்கணும். எவளாவது எழுப்புனா வந்து கழுத்தத் திருகுவேன்."

"சரி ஆத்தா."

"பிள்ளைத் துணிய என் பேரன் துவைக்கணும்."

தூணுக்குப் பின்னாலிருந்து, "சரி ஆச்சி" என்று ஈனஸ்வரத்தில் ஒரு குரல் வந்தது.

"அப்புறம் பரோட்டா. சால்னா ஊத்தி."

தங்கச்சாமி தலையைச் சொறிந்தார். "அந்தக் காலத்து ஆளு பரோட்டா கேக்குதே!"

"ஏம்ல, செத்தா நாக்கும் செத்துருமா?"

"இல்ல ஆத்தா, இல்ல."

அதோடு நிறுத்தியிருக்கலாம். கண் அத்தை பக்கம் போனது. பசியில் உதடு வறண்டு, கையைக் கட்டிக்கொண்டு, அடிக்குக் காத்திருக்கிற பிள்ளைபோல நின்றார். என்ன நினைத்தேனோ, "பத்திரகாளி, நீ சாப்ட்டியாட்டி?" என்று கேட்டுவிட்டேன்.

அத்தை இல்லை என்று தலையை ஆட்டினார்.

"இந்தப் பூங்கொடிக்குப் பயமாருக்கு" என்றேன். குரலை மாற்ற வேண்டும் என்பதே மறந்துபோனது. "பிள்ள அழுதா, தனக்கு வளக்கத் தெரியலையோன்னு பயப்படுதா. சில நேரம் பிள்ளையப் பிடிக்கவே மாட்டேங்குது. அதுக்கும் பயப்படுதா. யாருட்டச் சொல்லுவா?"

அத்தை சேலைத்தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். பேய் மலையேறிவிட்டது என்று தங்கச்சாமி அறிவித்து, தட்சிணையோடு கிளம்பிவிட்டார். நாத்தனார் ஒரு மணி பஸ்ஸைப் பிடித்தாள். பிள்ளையின் மஞ்சள் பையை என் பக்கத்தில் வைத்துவிட்டு, ஒரு கும்பிடும் போட்டுவிட்டுத்தான் போனாள்.

நான் தூங்கினேன். அடித்துப்போட்டதுபோல ஒரு தூக்கம். சால்னா வாசம் மூக்கில் ஏறித்தான் கண்ணைத் திறந்தேன். மணி ஆறு. புறவாசலில் துணி துவைக்கிற சத்தம் கேட்டது. பக்கத்தில் அத்தை, மடியில் பிள்ளை, முன்னால் வாழையிலைப் பொட்டலம்.

"எந்திச்சிட்டியா? உங்க ஆச்சி கேட்ட பரோட்டா."

நான் பாவம்போல முகத்தை வைத்துக்கொண்டு, "எந்த ஆச்சி, அத்தை?" என்றேன்.

"நடிக்காதட்டி. எங்க அத்தை என்னைய 'ஏ மூதேவி'ன்னுதான் கூப்பிடுவாவ. பேரு சொல்லிக் கூப்பிட்டதே கெடையாது. சாப்ட்டியான்னு ஒருநாளும் கேட்டதில்ல. நீ கேட்டப்பவே எனக்குத் தெரிஞ்சுபோச்சு."

எனக்கு உடம்பெல்லாம் கூசியது. "அப்ப ஏன் அத்தை யாருட்டயும் சொல்லல? ஏன் அப்படி அழுதீங்க?"

அத்தை பிள்ளையின் உள்ளங்காலைத் தடவிக்கொண்டே இருந்தார்.

"சௌந்தரபாண்டியன் பொறந்தப்ப நானும் இப்படித்தான் கெடந்தேன். கிணத்துப் பக்கம் போகவே பயந்துட்டுக் கெடந்தேன், எங்க விழுந்துருவேனோன்னு. எங்க அத்தை அகப்பையக் கொண்டு அடிச்சாவ, வேலைக்கு வளையாம நடிக்கேன்னு. பேயின்னாவது சொல்லியிருக்கலாம்லா? எனக்கு ஒரு கோடாங்கிகூடக் கூப்பிடலட்டி."

பிள்ளை அத்தை மடியில் கொட்டாவி விட்டது. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை.

அத்தை பரோட்டாவைப் பிய்த்து, சால்னாவை ஊற்றி, இலையை என் பக்கம் தள்ளினார்.

"நாளைக்கு டாக்டரம்மாட்டப் போவோம், நானும் வாரேன். இப்ப ஆறிப்போகும். அழணும்னா தின்னுகிட்டே அழு."