அடித்தல் காணாத ஏடு

சோழசூடாமணி ஆறு குடவாசலைக் கடந்து கீழ்த்திசை செல்லும் வழியில், இருகரையும் குறுவை முற்றிப் பொன்னிறம் பூண்டிருக்க, கொக்குகள் வரப்பில் ஒற்றைக்காலில் நின்று வாய்க்கால் மீனை நோக்கியிருக்க, மடைநீரின் ஓசையும் பள்ளிப் பிள்ளைகள் வாய்பாடு முழங்கும் ஓசையும் கலந்தெழும் காலைப்பொழுதில் செம்பியன்கரைச் சிற்றூரைக் கண்டோர், அங்கே பகையென்று ஒன்று உண்டெனக் கனவிலும் எண்ணார். ஆயினும், படிப்போரே, புதிய ஆட்சி அமைந்து ஈராண்டு கழிந்தும் அறுப்புக்கூலிப் பூசல் அவ்வூரில் ஓய்ந்தபாடில்லை. நிலக்கிழார் அமிர்தலிங்கம் வெளியூர் ஆட்களை வண்டியில் கொணர்ந்து இறக்க, உள்ளூர்ப் பெண்கள் அரிவாளும் கையுமாக வயலில் இறங்கி மறித்தனர். அந்த அமளியில் நிலக்கிழாரின் காரியக்காரர் தலையில் வெட்டுண்டு வீழ்ந்தார். எவர் அரிவாள் பட்டதென்று எவருக்கும் தெளிவில்லை. ஆயினும் முன்வரிசையில் நின்ற தங்கமணியைக் காவலர் பிடித்துச் சென்றனர்.

அவ்வூர்த் தொடக்கப்பள்ளியின் தலைமையாசிரியை தருமாம்பாள். நிலக்கிழாரின் பழைய நெற்கிடங்கே பள்ளிக்கூடம். மழைக்காலத்தில் கூரை ஒழுகும். ஓடு மாற்றித் தரும்படி கேட்க அவர் வாயிலில் நின்ற நாளொன்றில், "டீச்சரம்மாவா? நிக்கட்டும். எருமை பாக்க வந்த தரகர மொதல்ல வரச் சொல்லு" என்று உள்ளிருந்து வந்த குரல் அவர் செவியில் நெடுநாள் நின்றது. எருமைக்குள்ள மதிப்பும் எழுத்தறிவிப்போர்க்கு இல்லையே என்று அன்று அவர் மனம் வெந்தது. ஓய்வுபெற ஆறு திங்களே எஞ்சிய நிலையில், தம் வாழ்வு வீணாயிற்றோ என்ற எண்ணமும் அடிக்கடி வந்து போயிற்று. அவர்க்கென எஞ்சிய பெருமை ஒன்றே ஒன்று: முப்பத்தோராண்டில் ஓர் அடித்தலோ திருத்தலோ காணாத பள்ளிச் சேர்க்கை ஏடு. தணிக்கைக்கு வரும் அலுவலர்கள் அதைப் பிற பள்ளிகளுக்கு எடுத்துக்காட்டாகக் கூறுவர்.

மகளைக் காவலர் கொண்டுசென்ற மறுநாள், தங்கமணியின் தந்தை வீரையன் பள்ளி வாயிலில் வந்து நின்றான். பதினெட்டு நிறையாதவர்களைச் சிறையில் அடைத்தல் ஆகாது என்பது சட்டம். "கோர்ட்டுல பள்ளிக்கூட ஏட்டக் கேக்குறாங்கம்மா. பெரும்புயல் அடிச்ச வருசம் ஊரே இங்கதானே வந்து ஒண்டுச்சு? எம்பொண்ணு உங்க கையிலதானே பொறந்துச்சு? பதினேழுதான் நடக்குது. நீங்க எழுதி வச்சிருந்தா அதுக்கு மேல பேச்சு ஏதுங்க?" என்றான்.

அவன் சென்றபின் ஏட்டைத் திறந்த தருமாம்பாள் திகைத்து அமர்ந்தார். அதன்படி தங்கமணிக்குப் பதினெட்டு நிறைந்திருந்தது. தாய் நடவுக்குப் போய்விட, நான்கு அகவையும் நிரம்பாத அக்குழந்தை பசியோடு பள்ளி வாயிலில் அமர்ந்து, மற்றப் பிள்ளைகளைப்போல் தானும் கையைத் தலைக்குமேல் வளைத்து மறுபக்கக் காதைத் தொட முயன்றதும், எட்டாமல் அழுததும் அவர் கண்முன் வந்தன. காதைத் தொட்டால்தான் பள்ளியில் இடம். ஏட்டில் பெயர் இருந்தால்தான் நண்பகல் உணவு. அன்று அவர் இரக்கத்தால் ஈராண்டு கூட்டி எழுதினார். அன்றைய சோறு இன்று அப்பெண்ணுக்கு விலங்காகி நின்றது.

வாய்மூடி இருந்தால் தம் நற்பெயர் நிற்கும். பெண் சிறை செல்வாள். உண்மை உரைத்தால் பொய்யெழுதிய ஆசிரியை என்ற பழியோடு பள்ளியை விட்டு வெளியேற நேரும். எவருமறியாமல் எண்ணை மாற்றிவிடலாமா என்றும் ஒரு நொடி எண்ணினார், எண்ணியதற்கே கூசினார். அவர் அஞ்சினார் என்று சொல்ல நமக்கு நாணமில்லை. அஞ்சியபடியே ஏட்டைத் துணியில் சுற்றிக்கொண்டு வழக்குமன்றம் சென்றார்.

"ஐயா, இவ்வேட்டிலுள்ள பிறந்தநாள் பொய். எழுதியவள் நான். இவள் பிறந்தது பெரும்புயல் ஆண்டில். கொப்பூழ்க்கொடி அறுத்த கை இந்தக் கை. பசித்த குழந்தைக்குச் சோறு கிடைக்கட்டும் என்று ஈராண்டு கூட்டினேன். தண்டனை எனக்கே உரியது" என்றார்.

நிலக்கிழார் தரப்பு வழக்கறிஞர் துள்ளி எழுந்தார். "ஒரு பொய் எழுதிய கை நூறு பொய் எழுதாதா? இந்த ஏடு முழுவதுமே செல்லாது!"

அப்போதுதான், படிப்போரே, அமிர்தலிங்கம் பதறி எழுந்து அவர் அங்கியைப் பிடித்து இழுத்தார். "ஐயையோ, அத மட்டும் சொல்லாதீங்க வக்கீலய்யா!" நில உச்சவரம்புக்குத் தப்ப, அகவை நிறைந்த மகன் என்று காட்டித் தம் நிலத்தில் பாதியை அவர் மைந்தன் பெயரில் வைத்திருந்தார். அவ்வகவைக்குச் சான்று அதே ஏட்டின் அடுத்த பக்கம்; ஏடு செல்லாதெனில் அந்நிலமும் கைவிட்டுப் போகும்.

நடுவர் புன்முறுவலை அடக்கிக்கொண்டு, "இவ்வாசிரியையின் சொல்லை நீங்களும் நம்புகிறீர்களா?" என்று கேட்டார்.

"நம்பாம எப்படிங்க? ஊரே நம்புது" என்றார் நிலக்கிழார் தலைகுனிந்து.

"தமக்குக் கேடென்று அறிந்தும் உரைத்த சொல்லை நானும் நம்புகிறேன்" என்ற நடுவர், தங்கமணியைத் தந்தையிடம் ஒப்படைத்து, ஏட்டை அங்கேயே திருத்துமாறு பணித்தார். முப்பத்தோராண்டில் முதன்முறையாகத் தருமாம்பாள் அவ்வேட்டில் ஒரு கோடு இழுத்து, அருகே மெய்யான ஆண்டை எழுதினார். வழக்கும் சில திங்களில் சான்றின்றி வீழ்ந்தது. துறையின் கடிந்துரை ஓலையோ நான்காம் நாளே வந்து சேர்ந்தது; தருமாம்பாள் அதைப் படித்து, ஒப்பமிட்டு, பெட்டியில் வைத்துப் பூட்டினார்.

ஓலை வந்த அன்று மாலை தங்கமணி பள்ளிக்கு வந்தாள். அங்கே கற்ற எழுத்தால் ஏட்டில் தன் பெயரை எழுத்துக்கூட்டிப் படித்து, அதனருகே கிடந்த கோட்டைத் தடவினாள். "என்னால உங்க ஏடு கெட்டுப்போச்சேம்மா" என்று விம்மினாள்.

"கெடலடி. இப்பத்தான் சரியாச்சு" என்றார் ஆசிரியை.

அடுத்த திங்கள் ஓடு கேட்கச் சென்றபோது, அமர்ந்திருந்த எருமைத் தரகர் எழுந்து இடம்விட்டார். அமிர்தலிங்கம் வாயில்வரை வந்து, "வாங்கம்மா, உள்ள வந்து உக்காருங்க" என்றார். ஏட்டில் அடித்தல் விழுந்த பின்னரே அவ்வூர் தன் ஆசிரியைக்கு எழுந்து நின்றது. கற்பிப்போர்க்கு ஓர் ஊர் செய்யும் சிறப்பு காலந்தாழ்ந்து வரினும், வந்தவிடத்து அது நிலைபெறுக.