மூன்றாவது துப்பாக்கி

விஸ்கான்சினில் மான் வேட்டை தொடங்க ஒரே நாள்தான் இருந்தது. குறி தவறியவனின் சட்டையின் பின்பக்க நுனியை வெட்டி வேட்டைக் குடிசைச் சுவரில் ஆணியடிப்பது அங்கே வழக்கம். டுவெய்ன் பெயரில் ஏற்கெனவே இரண்டு துண்டுகள் தொங்கின. இரண்டு தடவையும் துப்பாக்கியைத் திட்டி விற்றுவிட்டு, மலிவானது, குறி தப்பாது என்று பிறர் சொன்ன வேறொன்றை வாங்கினான். இது மூன்றாவது. நானூறு டாலர்.

சுடும் திடலில் மூன்று முறை சுட்டான். ஒன்று மேலே, ஒன்று இடது ஓரம். மூன்றாவது குறிக் காகிதத்திலேயே இல்லை.

"இதுவும் குப்பைதான்!" என்று கத்தினான்.

"நாளைக்கு நல்ல சட்டையா போட்டுட்டு வா மாப்ள, சுவத்துக்கு எடுப்பா இருக்கும்" என்றான் மைத்துனன் ரோலண்ட். பிறகு துப்பாக்கியின் மேலிருந்த ஸ்கோப்பை, குறிபார்க்கும் குழாயை, விரலால் தட்டினான். உள்ளே ஏதோ கடகடத்தது.

"இது பழசாச்சே?"

"மூணுலயும் இதைத்தான் மாட்டுனேன். துப்பாக்கிக்கே காசு சரியாப் போச்சு."

"நீ முதல்ல வித்தத வாங்குனவன் நான். வேற ஸ்கோப் மாட்டுனேன், ரெண்டு வருஷமா ஒரு குண்டுகூட வீணாகல."

டுவெய்ன் ஸ்கோப்பைக் கழற்றினான்.

"ஸ்கோப் விக்கிற கடைய எத்தனை மணிக்கு மூடுவான்?" என்று எரிச்சலோடு கேட்டான்.