ஐந்தாவது ஊசி

பல்லுக்காரர் அந்த விமானத்தை நடுவில் அறுத்தபோது மருமகள் பக்கத்திலேயே நின்றாள். அறுக்கும்போது வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். பிளாஸ்டிக்தான், ஒன்றரை சாண் நீளம்தான், ஆனாலும் திரும்பிக்கொண்டாள்.

அறுக்காமல் முடியாது. கடையில் கிடைத்த பெட்டியில் இருந்தது இருவர் உட்காரும் பயிற்சி விமானம். மகன் ஓட்டியது ஒற்றை ஆள் விமானம். அந்த ரகத்தை மாடலாகச் செய்து விற்க எந்தக் கம்பெனிக்கும் தோன்றவில்லை. ஆகவே பின்னிருக்கை இருந்த பாகத்தை வெட்டி எறிந்து, மிச்சத்தை ஒட்டி, முதுகை மறுபடி கட்ட வேண்டும். முப்பத்தொன்பது வருஷம் மற்றவர் வாய்க்குப் பல்செட் செய்து கொடுத்தவருக்கு இது பெரிய காரியமில்லை. ஈறு செய்யும் அதே அக்ரிலிக் மாவையே குழைத்து அப்பினார். பல் ராவும் அதே அரத்தால் ராவினார். சக்கரத்துக்குப் போகும் எண்ணெய்க் குழாய்களுக்குப் பல்லுக்குக் கட்டும் கம்பி அளவெடுத்தாற்போல் பொருந்தியது.

விமானம் அவருக்குப் புதிது. அவர் கப்பல் ஆசாமி. ஓய்வு நேரமெல்லாம் போர்க்கப்பல்கள்தான். பெட்டியில் வரும் கப்பலை அப்படியே ஒட்டிவைப்பது அவருக்குக் கேவலம். எந்தக் கப்பல், எந்த வருஷம், எந்த மாசம் என்று கேட்டு, அந்த மாசத்தில் அதன் மேல்தளத்தில் எத்தனை படகு இருந்தது, எந்தப் படகு பழுதுக்குப் போயிருந்தது என்பதுவரை பார்த்துச் செய்வார். மகன் விமானப்படையில் சேர்ந்த பிறகு விமானம் செய்யச் சொல்லி எத்தனையோ பேர் கேட்டார்கள். முடியாது என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டார். பறக்கிற பிள்ளையை மேஜைமேல் வைத்து அறுத்து ஒட்ட அவருக்கு மனசு வரவில்லை.

மகன் கடலில் விழுந்து எட்டு வருஷம். இந்த வருஷம் மருமகளே கேட்டாள்.

"அவரோடத ஒண்ணு செஞ்சு கொடுங்க மாமா. அன்னைக்குக் கிளம்புறப்ப எப்படி இருந்துச்சோ அப்படியே. அவர் உள்ள உக்காந்திருக்கணும்."

அதுவரை அவள் எதையும் கேட்டதில்லை. பள்ளிக்கூடத்தில் பாடம் எடுத்துவிட்டு வருவாள், சமைப்பாள், நோட்டு திருத்துவாள், படுப்பாள். எட்டு வருஷத்தில் அவள் மனம் விட்டுப் பேசியது ஒரே ஒரு முறைதான். பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தவள், குழாயை மூடாமலே சொன்னாள்.

"அன்னைக்குக் காலைல எங்களுக்குள்ள சண்டை மாமா. ஒண்ணுமில்லாத விஷயம். 'போற இடத்துலயே இருந்துக்குங்க, வீட்டுக்கு வரவேணாம்'னு சொல்லிட்டேன். அவர் ஒண்ணும் பேசாம ஷூவைப் போட்டுக்கிட்டுப் போயிட்டார்."

அவ்வளவுதான். ஆனால் அவள் சொல்லாமல் விட்டது பல்லுக்காரருக்குத் தெரியும். விசாரணை அறிக்கையில் ஒரு வரி இருந்தது: விமானி வெளியேற முயற்சி செய்ததற்கான அறிகுறி ஏதும் இல்லை. எஞ்சின் நின்ற பிறகு அரை நிமிஷத்துக்கு மேல் அவகாசம் இருந்திருக்கிறது. கால்களுக்கு நடுவில் இருக்கும் கைப்பிடியை இழுத்தால் இருக்கையோடு தூக்கி வெளியே எறிந்துவிடும், பாராசூட் குடை விரியும், பிழைத்துக்கொள்ளலாம். அவன் இழுக்கவில்லை என்றது அறிக்கை. விமானம் ஆழத்தில் போய்விட்டதால் சரிபார்க்கவும் வழியில்லை. ஏன் இழுக்கவில்லை என்ற கேள்விக்கு உலகத்தில் யாரிடமும் பதில் இல்லை, மருமகளைத் தவிர. அவள் தான் சொன்ன வார்த்தையைத்தான் பதிலாக வைத்திருந்தாள். உள்ளுக்குள்ளேயே வெந்துகொண்டிருந்தாள். அவர் எத்தனை சமாதானம் சொன்னாலும் அது செவிடன் காதில் ஊதிய சங்காகத்தான் போயிருக்கும் என்பதால் சொல்லவும் இல்லை.

கிளம்பும்போது எடுத்த கடைசிப் படம் கூடத்துச் சுவரில் மாட்டியிருந்தது. விமானம் ஓடுபாதையை நோக்கி நகர்கிறது, கண்ணாடிக் கூண்டு மூடியிருக்கிறது, உள்ளே ஹெல்மெட் போட்ட ஒரு தலை. முகம் தெரியாது. உள்ளங்கை அளவுப் படத்தை வைத்துக்கொண்டு இருக்கையைச் செய்ய முடியுமா? படம் எடுத்தவரைத் தேடிப் பிடித்து, அசல் படத்தை அனுப்பச் சொல்லி வாங்கினார். மருமகளின் கம்ப்யூட்டரில் அதை ஊதிப் பெரிதாக்கி, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு இரண்டு வாரம் பார்த்தார். கூண்டின் சட்டத்தில் பெயின்ட் உரிந்த இடம், தோள்பட்டையின் மடிப்பு, இருக்கையின் தலைமாட்டில் இடது பக்கமாகத் தொங்கும் ஒரு சிவப்புத் துணிப்பட்டை. எல்லாவற்றையும் செய்தார். பட்டைக்கு மெல்லிய தாளில் சிவப்பு மை ஏற்றி, தலைமுடி அகலத்துக்கு நறுக்கி, இடுக்கியால் பிடித்து ஒட்டினார். மூன்று முறை கைதவறி, நாலாவது முறை உட்கார்ந்தது.

கூண்டை நிரந்தரமாக ஒட்டுவதற்கு முன் ஒருமுறை ஆணியெண்ணியிடம் காட்டிவிடலாம் என்று நினைத்தார். ஆணியெண்ணி அவர்கள் மாடல் சங்கத்தின் விமானப் புலி. வங்கியில் வேலை. எந்த மாடலை எடுத்தாலும் இறக்கையில் ஆணி வரிசையை எண்ணி, ரெண்டு குறைகிறது என்பார். அதனால்தான் அந்தப் பெயர். அவர் வாயில் விழாமல் தப்பித்த மாடல் சங்கத்தில் கிடையாது.

சனிக்கிழமை மத்தியானம் வந்தார். மருமகள் பள்ளிக்கூடத்தில் இருந்தாள். ஆணியெண்ணி மாடலைக் கையில் வாங்காமல், குனிந்து சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"பிரமாதம்ங்க. முதுகுல ஒட்டின இடமே தெரியல. கப்பல்காரர் எங்க பொழப்புல மண்ணைப் போட்டுட்டீங்க." கூண்டுக்குள் எட்டிப் பார்த்தார். உடனே சிரித்தார். "ஆனா ஒரு இடத்துல மாட்டிக்கிட்டீங்க பாருங்க. புதுசா விமானம் செய்யுற எல்லாரும் பண்ற தப்புதான். இந்தச் சிவப்புப் பட்டை."

"அதுல என்ன?"

"அது நிறுத்தி வச்சிருக்கிற விமானத்துல மட்டும்தான் இருக்கும். இருக்கை தெரியாத்தனமா வெடிச்சுடக் கூடாதுன்னு பூட்டு ஊசி போட்டு வைப்பாங்க. ஊசி கண்ணுக்குத் தெரியணும்னு அதுல சிவப்புத் துணி. ஆள் ஏறி உக்காந்ததும் அத்தனையும் உருவிடுவாங்க. உருவலைன்னா கைப்பிடிய எத்தன தடவ இழுத்தாலும் இருக்கை அசையாது. நீங்க ஆளையும் வச்சு, கூண்டையும் மூடி, பட்டையும் தொங்க விட்டிருக்கீங்க."

"படத்துல இருக்கே," என்றார் பல்லுக்காரர்.

"படத்துல இருக்காதுங்க."

பல்லுக்காரர் கம்ப்யூட்டரைத் திறந்து காட்டினார். ஆணியெண்ணி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். படத்தை இன்னும் பெரிதாக்கினார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

"எடுத்துருங்க," என்றார் ஆணியெண்ணி கடைசியில். "அந்தப் பட்டையை எடுத்துட்டு ஒட்டிருங்க. யாருக்குத் தெரியப் போகுது?"

இருபது வருஷமாக ஒரு ஆணியைக்கூட மன்னிக்காத மனுஷன் அவர்.

அவர் போன பிறகு பல்லுக்காரர் இடுக்கியைக் கையில் எடுத்தார். எடுக்க ஒரு நொடி போதும். அவருக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. ஊசியை உருவுவது யார் வேலையாக இருக்கும் என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை. மெக்கானிக்கின் வேலை. அன்று மகனை இருக்கையில் உட்கார வைத்து பெல்ட் மாட்டி அனுப்பிய மெக்கானிக், அதற்குப் பிறகு எட்டு வருஷமாக இந்த வீட்டுக்கு வந்துகொண்டிருக்கிறான். குழாய் ஒழுகினால் வருவான், பல்லுக்காரருக்குக் கண் ஆபரேஷன் நடந்தபோது ஆஸ்பத்திரியில் தரையில் படுத்துக் கிடந்தான். அப்பா என்று கூப்பிடுவான். அவரும் எப்போதோ அவனைப் பிள்ளையாகவே எடுத்துக்கொண்டிருந்தார். சிவப்புப் பட்டையைப் பிடுங்கிப் போட்டால் அவன் மிஞ்சுவான். விட்டுவைத்தால் மருமகள் மிஞ்சுவாள். இரண்டு பேரையும் வைத்துக்கொள்ள வழி இருக்கிறதா என்று அந்தச் சாயங்காலம் முழுக்க யோசித்தார். வழி இல்லை.

மறுநாள் காலையில் அவனைக் கூப்பிட்டார். வேலை இருக்கிறது, வா என்று மட்டும் சொன்னார்.

மெக்கானிக் வழக்கம்போல் ஸ்பானர் பையோடு வந்தான். செருப்பைக் கழற்றும்போதே, "என்னப்பா, மறுபடி அந்த மோட்டாரா?" என்றான். அவர் அவனை அறைக்குள் கூட்டிப்போய், மேஜை விளக்கைப் போட்டு, மாடலைக் காட்டினார். அவனும் குனிந்து பார்த்தான். அவன் முகத்தில் மெல்ல ஒரு சிரிப்பு வந்தது, வந்த சிரிப்பு அப்படியே நின்றுபோனது. அவர் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"உனக்குத் தெரியுமாடா?"

அவன் ஸ்பானர் பையைக் கீழே வைத்தான்.

"மொத்தம் அஞ்சு ஊசிப்பா. உருவி, கையில விரிச்சு சாருக்குக் காட்டணும். அவர் எண்ணித் தலையாட்டணும். அப்புறம்தான் கூண்டை மூடணும். அன்னைக்கு அவசரம். முன்னாடி ரெண்டு விமானம் கிளம்பிடுச்சு. நான் கையை விரிச்சுக் காட்டுனேன், சார் கைய பாக்கல, எங்கயோ பாத்துக்கிட்டு இருந்தார். சும்மா தலையை ஆட்டுனார். நானும் எண்ணல. சாயங்காலம் ஊசி வைக்குற பையில பாத்தேன், நாலுதான் இருந்துச்சு."

"சாயங்காலமே தெரியுமா?"

"ஒண்ணு எங்கயாவது விழுந்திருக்கும்னு நினைச்சேன்பா. அப்படித்தான் நினைச்சேன். ஸ்டோர்ல போய் இன்னொரு ஊசிய வாங்கிப் பையில போட்டுட்டேன்."

பல்லுக்காரருக்கு அவனை அடிக்க வேண்டும் போலிருந்தது. எழுபது வயதில் அவருக்கு அவ்வளவு கோபம் வரும் என்று அவரே நினைக்கவில்லை. ஓங்கிய கையை இறக்கிக்கொண்டார். இந்தக் கை ஆஸ்பத்திரியில் அவன் தோளைப் பிடித்து நடந்த கை. அதையும் நினைத்தார், அதனால் கோபம் இன்னும் கூடியதே தவிர குறையவில்லை.

"எட்டு வருஷமா எங்க வீட்டுச் சோத்தைத் தின்னுக்கிட்டு..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்.

அவன் தரையில் உட்கார்ந்துவிட்டான். "நீங்க என்ன செஞ்சாலும் சரிப்பா. போலீசுக்கு வேணா போங்க. அக்காகிட்ட மட்டும் சொல்லாதீங்க. அவங்க மூஞ்சில நான் முழிக்க முடியாது."

"அவகிட்டதான் சொல்லணும். நான் இல்ல, நீ சொல்லணும். தன்னாலதான் அவன் செத்தான்னு நினைச்சுக்கிட்டு அவ நாளுக்கு நாள் செத்துக்கிட்டிருக்கா. உனக்குத் தெரியுமா அது?"

அவனுக்குத் தெரியாது. அவன் நிமிர்ந்து பார்த்த பார்வையில் அது தெரிந்தது.

மருமகள் டீ எடுத்துக்கொண்டு வந்தாள். தரையில் உட்கார்ந்திருந்தவனைப் பார்த்துவிட்டு, "என்னடா, உடம்பு சரியில்லையா?" என்றாள். அவன் எழுந்து நின்றான். டம்ளரை அவள் கையிலிருந்து வாங்கி மேஜையில் வைத்தான். பிறகு சொன்னான். மென்று முழுங்காமல், அவரிடம் சொன்னதை அப்படியே, சார் எங்கோ பார்த்துக்கொண்டிருந்தது உட்பட எல்லாவற்றையும் சொன்னான். சொல்லும்போது மாடலின் தலைமாட்டைக் காட்டினான்.

அவள் குனிந்து அந்தச் சிவப்பைப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள்.

"அவர் எங்கயோ பாத்துக்கிட்டு இருந்தது நான் பேசுன பேச்சாலதான்," என்றாள். பல்லுக்காரர், காப்பாற்றப் போய் இன்னும் ஆழமாகத் தள்ளிவிட்டோமோ என்று நினைத்தார். ஆனால் அவள் அதோடு நிறுத்தவில்லை. மெக்கானிக் பக்கம் திரும்பினாள்.

"ஊசி இருந்தா கைப்பிடிய இழுத்தாலும் வேலை செய்யாதா?"

"செய்யாதுக்கா."

"அப்ப இழுத்திருப்பாரா?"

அவன் உதட்டைக் கடித்துக்கொண்டான். "இழுத்திருப்பார்க்கா. சத்தியமா இழுத்திருப்பார். ஒவ்வொரு மாசமும் பைலட்டுங்க பழகுறது அதைத்தான். எஞ்சின் நின்னா கை தானாப் போகும்."

அவள் மேஜையைப் பிடித்துக்கொண்டாள். பிணம் கிடைக்காமல் வெறும் தொப்பியை வைத்துச் சடங்கு முடித்த நாளில்கூட அழாதவள், வாய்விட்டு அழுதாள். எட்டு வருஷத்தையும் சேர்த்து அழுதாள். மெக்கானிக் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நின்றான். அவள் அவனைத் திட்டவும் இல்லை, மன்னிக்கவும் இல்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஆசிரியைக் குரலில் சொன்னாள்.

"நாளைக்குப் போய் எழுதிக் கொடு. அவர் முயற்சியே பண்ணலன்னு எழுதியிருக்காங்கல்ல, அந்த வரி இருக்கக் கூடாது. உனக்கு என்ன ஆகும்னு எனக்குத் தெரியும். இருந்தாலும் எழுதிக் கொடு."

"கொடுக்குறேன்க்கா," என்றான். பையை எடுத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் செருப்பை மாட்டிக்கொண்டு போனான். இனி அவன் வரமாட்டான் என்று பல்லுக்காரருக்குத் தெரிந்தது. இரண்டாவது பிள்ளையும் போனான்.

மருமகள் நாற்காலியை இழுத்துப்போட்டு மாடலுக்கு எதிரில் உட்கார்ந்தாள். அழுது வீங்கிய முகம்தான், ஆனால் அவர் மகன் கட்டிக்கொண்டு வந்த பெண்ணின் முகம். அதை அவர் மறந்தே போயிருந்தார்.

"மாமா, அவர் வீட்டுக்கு வரத்தான் பாத்திருக்கார்."

"ஆமாம்மா. வரத்தான் பாத்திருக்கான்."

"இழுத்திருக்கார் இல்ல?"

"இழுத்திருக்கான்மா," என்றார். அரை நிமிஷத்துக்கு மேல் இருந்தது, எத்தனை தடவை இழுத்திருப்பான் என்பதை மட்டும் அவர் அவளிடம் சொல்லாமல் தன்னோடு வைத்துக்கொண்டார்.