ஒரு ஜோடி பூட்ஸ்

இந்தச் சனி, ஞாயிறு பேஸ்பால் ஆட்டங்களில் மட்டும் சட்டையின் முதுகில் குடும்பப் பெயருக்குப் பதிலாகப் பட்டப்பெயரைப் போட்டுக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டார்களாம். அதைச் சொல்ல யொய்னெர் அமெரிக்காவிலிருந்து அழைத்தபோது, அவன் அம்மா எர்சிலியா ஒருமுறை பொரித்தெடுத்த வாழைக்காய்த் துண்டுகளை மறுபடி பொரிப்பதற்காக நசுக்கிக்கொண்டிருந்தாள். போனைத் தோளில் இடுக்கிக்கொண்டாள்.

"அதை மட்டும் போட்டுக்காதேடா."

"எதைம்மா?"

"எதைன்னு உனக்குத் தெரியும்."

"தெருவே காத்துக்கிட்டிருக்கும்மா. எழுத்து எவ்வளவு பெருசா இருக்கும்னு ஊமை நேத்தே போன் பண்ணிக் கேட்டுட்டான்."

"தெருவா உன்னைப் பெத்துச்சு?"

"சரிம்மா. என் பேரைப் போடல. சத்தியம்," என்றான்.

சான் பெத்ரோவில், கரும்பாலைக்குப் பின்னால் இருக்கும் அந்தத் தெருவில், ஞானஸ்நானப் பெயர் பாதிரியாருக்கும் போலீசுக்கும் மட்டும்தான். மூலைக்கடைக்காரன் வாய் மூடியதே கிடையாது, அதனால் அவன் ஊமை. யார் வீட்டுச் சாவிலும் முதல் பந்தியில் உட்கார்ந்துவிடுகிறவர் துக்கம். அவர் மனைவி நெரெய்தாவைத் துக்கம் வீட்டம்மா என்பார்கள், அவளும் திரும்பிப் பார்ப்பாள். பந்து எறியப் போய்ப் பெரிய ஆளாகிவிட்ட யொய்னெர், இந்தத் தெருவுக்கு 'ஒத்த பூட்ஸ்'.

அப்போது அவன் சின்னப் பையன். அண்ணன் ரதாமேஸ் இரண்டு வயது மூத்தவன். வீட்டில் இருந்தது ஒரே ஜோடி பூட்ஸ், பயிற்சியோ இருவருக்கும் ஒரே நாளில். வெறுங்காலோடு வருகிறவனை மைதானத்துக்குள் விடமாட்டார்கள். ஒருவனை அனுப்பி ஒருவனை நிறுத்த எர்சிலியாவுக்கு மனசு வரவில்லை. ஜோடியைப் பிரித்து ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்துவிட்டாள். வலதில் பெருவிரல் பக்கம் ஓட்டை, இடது நன்றாக இருந்தது. நல்லதைச் சின்னவனுக்கு மாட்டி, கயிற்றை இரட்டை முடிச்சாகப் போட்டு அனுப்பினாள். வலது கையால் எறிகிறவன் வலது காலைத்தான் மண்ணில் ஊன்றி உந்துவான் என்று அவளுக்கு யார் சொல்லியிருக்கிறார்கள்? எறிமேட்டில் பிள்ளை வெறும் விரல்களால் மண்ணைக் கவ்விக்கொண்டு நின்றானாம். பயிற்சியாளர் சிரித்துச் சிரித்துத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். "எவடா உனக்கு இதை மாட்டிவிட்டது? தப்பான காலுடா, ஒத்த பூட்ஸ்!" சாயங்காலம் அவன் வீடு வருவதற்குள் பெயர் வந்து சேர்ந்துவிட்டது. பின்னாலேயே ஓட்டை பூட்ஸோடு வந்த பெரியவனைப் பார்த்து, "அதோ வருது இன்னொன்னு!" என்று ஊமை கத்தினான். அன்றிலிருந்து அவன் 'இன்னொன்னு'.

அந்தப் பெயரைச் சொல்லித் தெரு சிரிக்கும்போதெல்லாம் எர்சிலியாவின் காதில் விழுவது வேறு. இவளால் ரெண்டு ஜோடி வாங்க முடியல, இருந்ததையும் தப்பாக் கொடுத்தா. ரேடியோவில் வர்ணனைக்காரர்கள் அதைப் பெருமையாகச் சொன்னாலும் அவளுக்கு அப்படித்தான் விழுந்தது.

மதியம் ரதாமேஸ் சவாரி ஏற்றும் வாடகை மோட்டார்சைக்கிளை வாசலில் சாய்த்துவிட்டுச் சாப்பிட வந்தான். முன்பு அணிக்கு ஆள் பிடிக்க வந்த அமெரிக்கர்கள் தம்பியை எடுத்துக்கொண்டு இவன் தோளைத் தட்டிவிட்டுப் போய்விட்டார்கள். அன்றிலிருந்து வண்டிதான்.

"தம்பிகிட்டச் சொல்லிட்டேன். அந்தப் பேரைப் போடமாட்டான்," என்றாள்.

அவன் கை கழுவிக்கொண்டிருந்தான். கழுவி முடித்த பிறகும் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

"அவன் அதை விட்டுட்டா நான் எதோட இன்னொன்னும்மா?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டான்.

"உனக்கென்னடா? ரதாமேஸ்னு எங்கப்பா பேரு இருக்கு."

"அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டா என் வண்டியே நிக்காது."

ஒரு வாழைக்காயை எடுத்துப் பாதி கடித்து, மீதியைத் தட்டிலேயே வைத்துவிட்டு எழுந்தான். தட்டில் எதையும் மிச்சம் வைக்கிற பிள்ளையில்லை. இன்னொன்னு என்ற பெயர் பெரியவனுக்கு ஒரு புண் என்றே இத்தனை வருஷமும் அவள் நினைத்திருந்தாள். அதைத் தெருவில் அவனுக்கென்று இருக்கும் இடமாக நினைத்துப் பார்த்ததில்லை. அவன் வண்டிச் சத்தம் முனை திரும்பியதும் யொய்னெருக்குப் போன் போட்டாள். எடுக்கவில்லை. மறுநாளும் எடுக்கவில்லை. ஆட்டத்துக்கு முன் போனைத் தொடமாட்டான், அது அவனுடைய வழக்கம்.

ஞாயிற்றுக்கிழமை ஊமையின் கடையில் நிற்க இடமில்லை. டோமினோப் பலகையைச் சுவரில் சாய்த்துவிட்டார்கள். கரண்ட் போய், பேட்டரியில் டிவி மட்டும் ஓடியது. ஊமை பீர் பாட்டில்களைத் திறந்துகொண்டே பேசிக்கொண்டிருந்தான்.

"பேர் வெச்சதுல பாதி என் பங்கு. டிவியில வரட்டும், அப்புறம் பாருங்க."

"காத்துக்கிட்டே இரு," என்றாள் நெரெய்தா. "அங்க போனவனுக்கு ரெண்டு காலுக்கும் பூட்ஸ் கிடைச்சிருக்கும். உன்னை எதுக்கு ஞாபகம் வெக்கணும்?"

"எர்சிலியாக்கா, நீங்க சொல்லுங்க. போடுவானா மாட்டானா?"

எர்சிலியா அரிசி மூட்டையின்மேல் உட்கார்ந்து மடியில் கைகளைக் கோத்துக்கொண்டிருந்தாள். "பந்தைப் பாருடா," என்றாள்.

ரதாமேஸ் உள்ளே வரவில்லை. எதிரே மரத்தடியில் வண்டிமேல் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். கோழிக்கூடையோடு வந்த ஒரு அம்மாள் சந்தைக்குப் போகவேண்டும் என்றாள். "கொஞ்சம் பொறுங்க," என்றான். ஆனால் டிவி இருக்கும் பக்கம் பார்க்கவில்லை.

யொய்னெர் எறிமேட்டுக்கு நடந்து வந்தான். முதலில் முகத்தைத்தான் காட்டினார்கள். தொப்பியை இறக்கிக்கொண்டான், உதட்டை நக்கினான். பந்து வழுக்காமல் இருக்கக் கையில் தட்டிக்கொள்ளும் பிசின் பையைக் குனிந்து எடுப்பதற்காகத் திரும்பினான். திரை முழுக்க அவன் முதுகு.

இன்னொன்னு.

ஊமையின் வாய் திறந்தபடி நின்றது, சத்தம் வரவில்லை. தெரு அதையும் அன்றுதான் பார்த்தது. நெரெய்தா எழுத்துக்கூட்டி மறுபடி படித்தாள். என் பேரைப் போடல என்றுதானே சத்தியம் செய்தான் என்று எர்சிலியா நினைத்தாள். கோத்திருந்த கைகள் பிரிந்து மடியில் கிடந்தன.

பிறகு எல்லோரும் ஒன்றாகக் கத்தினார்கள். "டேய் இன்னொன்னு! உள்ள வாடா! வந்து பாருடா!"

"போங்கடா, வேற வேலை இல்ல உங்களுக்கு," என்றான் மரத்தடியிலிருந்து.

"ஏய், உன் பேருடா! அவன் முதுகுல!"

வண்டி கீழே விழுகிற சத்தம் கேட்டது. கோழிகள் கத்தின. கூட்டம் ஒதுங்கி வழிவிட, ரதாமேஸ் வாசலில் வந்து நின்றான்.

எர்சிலியா அவன் முகத்தைப் பார்க்கவில்லை. காலைப் பார்த்தாள். வந்த வேகத்தில் ஒரு ரப்பர் செருப்பு தெருவிலேயே போயிருந்தது. வலது காலில் மட்டும் இருந்தது. இடது கால் வெறுமையாகப் புழுதியோடு வாசல்படியில் நின்றது.

திரையில் யொய்னெர் வலது காலை மண்ணில் அழுத்தி ஊன்றினான். இடது கால் பூட்ஸோடு மெல்ல மேலே எழுந்தது.