தோள் இறங்கிய முட்டி

தையல்காரியின் வலது முட்டிக்குள் உலோக மூட்டு வைத்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. பழைய வலி போனது. புது வலி ஒன்று முட்டியின் உள்ளோரமாகக் குடிவந்தது. மெஷின் பெடலை மிதிக்கும்போதெல்லாம், காலரில் எடுக்க மறந்த குண்டூசி மாதிரி அது குத்தும். பயிற்சி போதவில்லை என்றார் டாக்டர். எல்லாம் மனசுதான் என்றாள் தங்கை.

இப்போது இடது முட்டியும் மக்கர் பண்ணியது. அறுவைக்கு நாளும் குறித்தாகிவிட்டது. இதுவும் இப்படியே குத்தினால் எந்தக் காலால் மிதிப்பது? மெஷினுக்கு உறை போட்டுவிட்டு உட்கார வேண்டியதுதான்.

அக்காவும் தங்கையும் டாக்டரின் எதிரில் உட்கார்ந்தார்கள். வலது முட்டியின் எக்ஸ்ரேயை வெளிச்சப் பலகையில் செருகினார் அவர்.

"பாத்தீங்களாம்மா, எவ்வளவு நேரா உக்காந்திருக்கு!"

"உக்காந்திருக்கு டாக்டர். ஆனா அளவு பெருத்த சட்டை மாதிரி தோள் இறங்கியிருக்கே."

"தோளா? ஐயோ அக்கா, அது முட்டி. முதல்ல கண்ணாடியப் போடு."

"சும்மா இருடி."

எதிர்த்தெருவில் போகிறவன் சட்டை யார் அளவுக்குத் தைத்தது என்று சொல்லிவிடும் கண் அவளுக்கு. எழுந்து போய் எக்ஸ்ரேயில் நகத்தை வைத்தாள்.

"எலும்பு இங்க முடியுது. உலோகம் இங்க வரைக்கும் வருது. நடுவுல இருக்கிற இந்த இடம் யாருது?"

டாக்டர் ஸ்கேலை எடுத்து வைத்துப் பார்த்தார். நாலு மில்லிமீட்டர். பக்கவாட்டுப் படத்தில் முன்னிருந்து பின்வரை எலும்பின் ஆழத்தை அளந்து சைஸ் முடிவு செய்வதும், முன்பக்கப் படத்தில் நேராக நிற்கிறதா என்று மட்டும் பார்ப்பதும் அவர் பழக்கம். ஓரத்தை அவர் பார்த்ததே இல்லை.

"சதையோட இடம்மா அது," என்றார் கடைசியில். "அங்கதான் உரசுது. உங்க வலி நிஜம். நான் பாத்திருக்கணும்."

தங்கை கைப்பையின் ஜிப்பைத் திறந்து மூடினாள்.

"எப்படி டாக்டர் பெருசாப் போச்சு?" என்று கேட்டாள் அக்கா.

"ஆழம் சரியா இருக்கு. அந்த ஆழத்துக்கு இவ்வளவு அகலம்னு வேற நாட்டு ஆளுங்க எலும்ப வச்சு அமைச்சிருக்காங்க. நம்ம பெண்கள் நிறைய பேருக்கு அவ்வளவு அகலம் கிடையாது."

"ஒரு சைஸ் குறைச்சா?"

"ஆழம் பத்தாது. மடக்கும்போது தொளதொளன்னு ஆடும்."

"ரெடிமேட் சட்டைன்னா ரெண்டு பக்கமும் பிடிச்சுக் குடுத்துடுவேன்," என்றாள் அவள்.

டாக்டர் பெட்டிக்காரருக்குப் போன் போட்டார். மூட்டுகளைச் சைஸ்வாரியாகப் பெட்டியில் அடுக்கி அறுவை அரங்குக்குக் கொண்டுவருகிறவர் அவர்.

"அகலம் கம்மியான வரிசை ஒண்ணு இருக்கு சார். யாரும் கேக்கறதில்ல, அதான் எடுத்து வர்றதில்ல. வரவழைக்க ஆறு வாரம் ஆகும்."

"ஆறு வாரமா? நான் லீவு போட்டாச்சே!" என்றாள் தங்கை.

"போட்டதப் பிரிச்சு மறுபடி போடு," என்றாள் அக்கா.

பிறகு தன் வலது முட்டியைத் தொட்டு டாக்டரைப் பார்த்தாள்.

"இதப் பிரிக்கலாமா?"

"பிரிச்சா எலும்பும் சேர்ந்து வரும்மா. தாங்க முடியுதுன்னா விட்டுடறது நல்லது."

தாங்க முடிகிறதா என்று அவள் கொஞ்சம் யோசித்தாள். "இடது சரியா வரட்டும், தாங்கிக்கிறேன்," என்றாள்.

ஏழாவது வாரம் அறுவை நடந்தது. இடுப்புக்குக் கீழே மரத்திருந்தது, மேலே விழிப்பு. பச்சைத் துணித் திரைக்கு அந்தப்பக்கம் பெட்டி மூடி திறக்கும் சத்தம் கேட்டது.

"டாக்டர், தோள்?"

அவர் புது மூட்டின் இரண்டு ஓரத்தையும் விரலால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எலும்பு முடியுற இடத்துல முடியுதும்மா."

மூன்று மாதம் கழித்து மெஷின் பெடலை இடதுபக்கம் நகர்த்திப் போட்டாள். பழகாத கால், முதல் வாரம் தையல் பாம்பு மாதிரி ஓடியது. பிரித்துப் பிரித்துத் தைத்தாள். வலது முட்டி படியேறும்போது இன்னும் குத்துகிறது. மெஷினில் அதற்கு வேலை இல்லை.