வேண்டாம் என்ற படம்

சென்ற மாரி தொடங்கியபோது ஸ்கந்தபுரத்து ஆட்களுக்கு மறுத்துச் சொல்ல வாய் வராமல் போனது. உரம் விலையேறிய அதே கிழமை என்பதால் முதலில் அதை எவரும் பெரிதாக எடுக்கவில்லை. காரணம் சிவதர்சினி. அவளுடைய ஒரே மகள் யதுர்ஷிகா ஓட்டிசம் உள்ள பிள்ளை, பேச்சு வரவில்லை. படத்தைத் தொட்டால் பெண்குரலில் பேசுகிற தொடுதிரை டப் ஒன்றுதான் அவளுக்கு நாக்கு. அதில் அவள் அதிகம் தொட்டது சிவப்புக் கை போட்ட ‘வேண்டாம்’ படத்தை. மாமன் தவராசா வீட்டுக் கலியாணத்தில் தாலி கட்டும் நேரம் அதைத்தான் தொட்டாள். அபசகுனச் சொல் காதில் விழாதிருக்கவென்று கொட்டுகிற கெட்டிமேளத்தையும் மீறி, “வேண்டாம், வேண்டாம்” என்று டப் கத்தியது. மேளம் பிள்ளையின் காதைப் பிய்த்தது என்று யார் நினைத்தார்கள்? சபையே திரும்பிப் பார்த்தது. வீட்டுக்கு வந்த கையோடு சிவதர்சினி அந்தப் படத்தை அழித்தாள். வெட்கந்தான், வேறொன்றுமில்லை.

மறுநாள் விடிந்ததிலிருந்து ஊரில் ஒருவராலும் மறுக்க முடியவில்லை. கேட்டவர்களுக்கெல்லாம் விதைநெல்லைக் கொடுத்துவிட்டு ஒருவர் வெறும் வயலைப் பார்த்து நின்றார். கமக்காரர் சங்கத்தில் கேட்ட எல்லோரும் தலைவராகச் சம்மதித்ததில் உறுப்பினர் என்று எவரும் மிஞ்சவில்லை. வீட்டுக்கு வீடு தேத்தண்ணி குடித்தே தபால்காரர் படுத்துவிட்டார்.

தவராசா கெட்ட மனிதர் இல்லை. “தங்கச்சி, வவுனியாவில ஒரு இல்லம் இருக்கு. பிள்ளையை அங்க விடுவம். நீயும் எத்தினை நாளைக்குத் தனியக் கஷ்டப்படுறது? திங்கக்கிழமை ஏத்திக்கொண்டு போக வான் வரும்” என்றார்.

சிவதர்சினியின் நெஞ்சு முழுக்க மறுப்பு. வாயில் வந்தது, “ஓம் அண்ணை.” சுற்றிவளைத்துச் சொல்லப் பார்த்தபோதும் ஓம்தான் வந்தது. நாக்கைக் கடித்துத் துப்பலாம் போலிருந்தது அவளுக்கு.

திங்கட்கிழமை தவராசாவோடு வான் வாசல் படலையடியில் வந்து நின்றது. உடுப்புப் பையைக் கண்ட யதுர்ஷிகா டப்பை எடுத்து, படம் இருந்த வெற்றுக் கட்டத்தை நகம் வெளுக்கக் குத்தினாள். திரும்பத் திரும்பக் குத்தினாள். ஊர்வாய்க்குப் பயந்து பிள்ளையிடமிருந்து தான் எதைப் பிடுங்கினோம் என்று தாய்க்கு அப்போதுதான் உறைத்தது. அந்தப் படத்தைத் திரும்பப் போட்டாள். பிள்ளை தொட்டாள்.

“வேண்டாம்” என்றது டப்.

தவராசா பிள்ளையைப் பார்க்கவில்லை, தங்கையைத்தான் பார்த்தார். “நீ என்ன சொல்லுறாய்?”

“வேண்டாம் அண்ணை” என்றாள் சிவதர்சினி. அவள் வாயிலிருந்து வந்தது டப்பின் குரல். வான் வெறுமையாகத் திரும்பிப் போனது.

அன்று தொட்டு ஸ்கந்தபுரத்தில் யார் எதை மறுத்தாலும் அந்தப் பெண்குரலில்தான் மறுக்கிறார்கள், மீசை வைத்தவர்கள் உட்பட. சங்கக் கூட்டத்தில் முதலில் சிரித்தார்கள், பிறகு பழகிவிட்டது. இந்த ஆவணியில் தவராசாவின் இளையவளுக்குக் கலியாணம் நடந்தது. தாலி கட்டும்போது மேளத்தை மெதுவாகத்தான் தட்டினார்கள். யதுர்ஷிகா முன்கதிரையில் இருந்து பார்த்தாள்.